வாயில் 32 பல், சீட்டில் 46: பல் எண்களும் பல்லின் வயதும்

பல் டாக்டரிடம் போய் வந்தவர் கையிலிருக்கும் சீட்டில் "46, ஆழமான சொத்தை, ரூட் கேனால்" என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து யோசித்தால் கணக்கு உதைக்கும். வாயில் இருப்பதே 32 பல். 46 எங்கிருந்து வந்தது? நாலு வயதுக் குழந்தையின் சீட்டில் 85 என்று இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். அந்தக் குழந்தைக்கு இருப்பது மொத்தம் 20 பல்தான்.

டாக்டர் தப்பாக எழுதவில்லை. அந்த இரண்டு இலக்கமும் ஒரு முகவரி. பல் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த வகை, பால்பல்லா நிலைப்பல்லா என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் எந்தப் பல் எந்த வயதில் வரும், எது விழும், எது விழாது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

முகவரியைப் படிப்பது எப்படி?

இதற்கு எப்.டி.ஐ. எண்முறை என்று பெயர். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் முறை இது. அமெரிக்காவில் 1 முதல் 32 வரை நேராக எண்ணுகிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் எப்.டி.ஐ. முறைதான்.

1. முதல் இலக்கம் பல் இருக்கும் இடம். வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். நோயாளியின் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4.

2. இரண்டாவது இலக்கம் வரிசை. முன்னால் நடுக்கோட்டிலிருந்து உள்நோக்கி எண்ண வேண்டும். நடுப்பல் 1, கடைசியில் இருக்கும் ஞானப்பல் 8.

3. பால்பல்லாக இருந்தால் கால்பகுதிகளுக்கு 1, 2, 3, 4 என்பதற்குப் பதிலாக 5, 6, 7, 8 என்று எண் போடுகிறார்கள். ஒரு கால்பகுதியில் ஐந்து பால்பல்தான் உண்டு. அதனால் இரண்டாவது இலக்கம் 5-ஐத் தாண்டாது.

ஆக 46 என்பதை நாற்பத்தாறு என்று படிக்கக் கூடாது. "நான்கு, ஆறு" என்று படிக்க வேண்டும். கீழ் வலதுபுறம், நடுவிலிருந்து ஆறாவது பல். 85 என்றால் கீழ் வலதுபுறம் ஐந்தாவது பால்பல்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பால்பல்லின் முதல் இலக்கத்தில் 4-ஐக் கழித்தால், அது விழுந்த பிறகு அந்த இடத்துக்கு வரப்போகும் பல்லின் எண் கிடைத்துவிடும். 51 விழுந்தால் 11 வரும். 85 விழுந்தால் 45 வரும். ஆனால் 46-க்கு இந்தக் கணக்கு இல்லை. 86 என்று ஒரு பால்பல்லே கிடையாது. 46 யாருடைய இடத்துக்கும் வருவதில்லை, புதிதாக ஒரு இடத்தில் முளைக்கிறது. இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

நான்கு வகை, நான்கு வேலை

ஒரு கால்பகுதியில் எட்டு நிலைப்பற்கள். அவற்றில் நான்கு வகை.

வெட்டுப்பல் இரண்டு (எண் 1, 2). உளி மாதிரி தட்டையான விளிம்பு. கொய்யாப்பழத்தைக் கடித்து எடுப்பது இவைதான். பேச்சுக்கும் இவை வேண்டும். 'த' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு போய்த் தொடுவது மேல் வெட்டுப்பல்லைத்தான். பல் போனால் சொல் போச்சு என்பது சும்மா சொன்னதில்லை.

கோரைப்பல் ஒன்று (எண் 3). கிழிப்பதற்கான ஒற்றை முனை. சிங்கப்பல் என்றும் சொல்வார்கள். வாயிலேயே நீளமான வேர் மேல் கோரைப்பல்லுக்குத்தான். வயதானவர்களுக்கு மற்ற பற்கள் போன பிறகும் இது நின்றுகொண்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

முன்கடைவாய்ப்பல் இரண்டு (எண் 4, 5). பெரும்பாலும் இரண்டு முகடுகள் இருக்கும். பால்பல் தொகுதியில் இந்த வகையே இல்லை.

கடைவாய்ப்பல் மூன்று (எண் 6, 7, 8). பின்கடைவாய்ப்பல் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நான்கு ஐந்து முகடுகள், நடுவில் பள்ளங்கள். அம்மிக்கல்லைக் கொத்திவைத்தது போல அரைப்பதற்கென்றே அமைந்த மேற்பரப்பு. மேலே இருப்பதற்குப் பொதுவாக மூன்று வேர், கீழே இருப்பதற்கு இரண்டு.

2 + 1 + 2 + 3 = 8, நான்கு பகுதிக்கும் சேர்த்து 32. குழந்தைக்கு 2 + 1 + 2 = 5, மொத்தம் 20. குழந்தையின் அந்தக் கடைசி இரண்டும் (எண் 4, 5) பால் கடைவாய்ப்பற்கள். அவை விழுந்த இடத்தில் முன்கடைவாய்ப்பற்கள் வருகின்றன. இப்போது கணக்கு தெளிவாகும்: பெரியவரின் 32-இல் 20 பற்கள் பால்பல்லின் இடத்துக்கு வந்தவை. மீதி 12, எதுவும் விழாமலேயே பின்னால் புதிதாக முளைத்தவை.

பிறப்பதற்கு முன்பே தொடங்கும் வேலை

பல் என்றதும் முளைப்பதுதான் தொடக்கம் என்று நினைக்கிறோம். உண்மையில் கருவின் ஆறாவது வாரத்திலேயே தாடையில் பல்லுக்கான திசு தடிக்கத் தொடங்கிவிடும். நான்காவது மாதத்தில் பால்பற்களில் சுண்ணாம்பு படிகிறது. குழந்தை பிறக்கும்போது 20 பால்பற்களின் தலைப்பகுதியும் ஈறுக்குள் ஓரளவு உருவாகியிருக்கும். ஆறு வயதில் வரப்போகும் கடைவாய்ப்பல்கூட ஏறக்குறைய பிறக்கும் நேரத்தில்தான் கெட்டிப்படத் தொடங்குகிறது.

பல்லின் மேல்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான், எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். அதற்கு அடியில் டென்டின். அதற்கும் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழ். எனாமலைக் கட்டும் செல்கள் பல்லின் வெளிப்புறத்தில் இருப்பவை. பல் ஈறைத் துளைத்து வெளியே வரும்போது அவை அழிந்துபோகும். எலும்பு முறிந்தால் கூடுகிறது, தோல் கிழிந்தால் மூடுகிறது. எனாமலில் குழி விழுந்தால் அது ஆறாததற்குக் காரணம், அதைக் கட்டியவர்கள் யாரும் அங்கே மிச்சமில்லை என்பதுதான். குழி விழுவதற்கு முந்தைய வெள்ளைப் புள்ளி நிலையில் எச்சிலில் இருக்கும் தாதுவும் புளோரைடும் ஓரளவு சரிசெய்யும். அதைத் தாண்டிவிட்டால் அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனாமல் அடுக்கடுக்காகக் கட்டப்படுவதால், கட்டும் காலத்தில் உடம்புக்கு நடந்ததெல்லாம் அதில் பதிந்துவிடுகிறது. பால்பல்லை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு கோடு தெரியும். பிறப்புக்கோடு என்று சொல்லலாம். வயிற்றிலிருந்து வெளியே வந்த அதிர்ச்சியில் எனாமல் வளர்ச்சி சற்றுத் தடுமாறிய நாள் அது. பிறந்த பிறகு குழந்தை உயிரோடு இருந்ததா என்று தடயவியல் நிபுணர்கள் பார்ப்பதற்கும் இந்தக் கோடு உதவுகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழுப்பேறிய பற்களும் இதே கதைதான். அங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றே இந்தப் பாதிப்பைக் குறைப்பது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் போன நீரை, எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள் குடித்தால்தான் பல்லில் அந்தத் திட்டுகள் வரும். முப்பது வயதில் அந்த ஊருக்குக் குடிபோனவரின் எலும்புக்குப் பாதிப்பு வரலாம், பல்லில் திட்டு வராது. அவருடைய எனாமல் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைத் தவிர்ப்பதும் இதே காரணத்தால்தான். உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் அது நிறமாகத் தங்கிவிடும்.

பால்பல்: விழப்போவதுதானே என்று விட முடியாது

ஆறு முதல் பத்து மாதத்துக்குள் கீழ் நடுப்பற்கள் இரண்டும் முதலில் வரும். அப்புறம் மேல் நடுப்பற்கள், பக்கத்து வெட்டுப்பற்கள். ஒன்றரை வயதை ஒட்டி முதல் கடைவாய்ப்பல்லும் கோரைப்பல்லும். கடைசியாக இரண்டாவது கடைவாய்ப்பல். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். இரண்டு மூன்று மாதம் முன்பின் ஆவது சகஜம்.

பல் முளைக்கும்போது காய்ச்சலும் பேதியும் வரும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. எச்சில் ஒழுகும், ஈறு நமநமக்கும், உடம்பு லேசாகச் சுடலாம். அதோடு சரி. கடும் காய்ச்சலும் நீர்நீராகப் போவதும் பல்லால் வருவதில்லை. அந்த வயதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பதால் கிருமி போவது ஒரு காரணம். பல்லின் மேல் பழியைப் போட்டுக் காத்திருந்தால் குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றிப்போகும். டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பால்பல்லில் வரும் சொத்தையைப் பூச்சிப்பல் என்கிறோம். பூச்சி எதுவும் இல்லை. பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலமாக வெளியிடுகிறது, அமிலம் எனாமலைக் கரைக்கிறது. பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள்தான் முதலில் கரையும். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் மூடிக் காப்பாற்றிவிடும்.

"எப்படியும் விழப்போகிற பல்தானே" என்ற வாதம் முன்பல்லுக்கு ஓரளவு சரி, ஆறேழு வயதில் அவை விழுந்துவிடும். ஆனால் 85 போன்ற பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. நாலு வயதில் அதில் சொத்தை என்றால் இன்னும் ஆறேழு வருடம் அது வேலை செய்தாக வேண்டும். பிடுங்கி எறிந்தால் பின்னாலிருக்கும் பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் வரும் 45-க்கு வழி இருக்காது. அது கோணலாக வரும், அல்லது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் குழந்தைக்கும் வேர் சிகிச்சை செய்கிறார்கள், பல்லை எடுத்தே ஆக வேண்டுமென்றால் இடம்காக்கும் கம்பி போடுகிறார்கள்.

ஆறு வயதில் சத்தமில்லாமல் வரும் பல்

முதல் பால்பல் ஆடத் தொடங்கும் ஆறு வயதில் வீட்டில் எல்லாருடைய கண்ணும் முன்பல்லில்தான் இருக்கும். ஆட்டிப் பார்ப்பது, விழுந்ததைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது என்று அது ஒரு விசேஷம். எறிவதற்கு முன் அந்தப் பல்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வேர் இருக்காது. சின்ன ஓடு மாதிரி குழிந்து, விளிம்பு சொரசொரவென்று இருக்கும். கீழிருந்து நிலைப்பல் மேலேறி வரும்போது பால்பல்லின் வேரைச் சில செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகின்றன. பிடிமானம் போனதால் பல் ஆடுகிறது.

அதே மாதங்களில் வாயின் கோடியில் இன்னொன்று நடக்கிறது. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஈறு லேசாக உப்பி, ஒரு முகடு வெள்ளையாக எட்டிப் பார்க்கும். எதுவும் ஆடவில்லை, எதுவும் விழவில்லை, ரத்தம் இல்லை. குழந்தையும் சொல்லாது. 16, 26, 36, 46 என்ற நான்கு நிலைப்பற்கள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஆறு வயது, ஆறாவது இடம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எதுவும் விழாமல் வந்ததால் இதைப் பெற்றோர் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. போனால் போனதுதான். எழுபது வயது வரை மெல்ல வேண்டிய பல்லை ஒன்பது வயதில் இழந்துவிட்டுப் பிள்ளைகள் நிற்பது இந்த ஒரு தவறான எண்ணத்தால்தான். இது உண்மையிலேயே வேதனையான விஷயம், ஏனென்றால் தடுப்பது அவ்வளவு கடினமில்லை.

ஏன் இந்தப் பல்லுக்கு இவ்வளவு சீக்கிரம் சொத்தை வருகிறது?

1. மேற்பரப்பில் ஆழமான, குறுகலான பள்ளங்கள். பிரஷ்ஷின் நார்கூட நுழையாத பள்ளங்களில் பிஸ்கட் மாவு போய்த் தங்கும்.

2. புதிதாக வந்த எனாமல் முழுதாக முற்றியிருக்காது. எச்சிலில் ஊறி அது இறுகச் சில வருடங்கள் ஆகும்.

3. முழு உயரத்துக்கு வர ஒரு வருடம்கூடப் பிடிக்கும். அதுவரை முன்னாலிருக்கும் பால்பல்லைவிடத் தாழ்வாக இருக்கும். பிரஷ்ஷை முன்னும் பின்னும் தேய்த்தால் அது உயரமான பால்பல்லின் மேலேயே ஓடும், புதுப்பல்லைத் தொடாது.

மூன்றாவது காரணத்துக்கு வீட்டிலேயே தீர்வு உண்டு. கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து பிரஷ்ஷைக் குறுக்காக நுழைத்து அந்தக் கடைசிப் பல்லை மட்டும் தனியாகத் தேய்க்க வேண்டும். ஏழெட்டு வயது வரை இதைப் பெரியவர்கள்தான் செய்துவிட வேண்டும், பிள்ளையின் கை அவ்வளவு லாவகமாகத் திரும்பாது. முதல் காரணத்துக்குப் பல் மருத்துவரிடம் சீலண்ட் என்ற பூச்சு இருக்கிறது. பள்ளங்களில் பிசின் போன்ற திரவத்தை ஓடவிட்டு நீல ஒளியில் இறுக்குவார்கள். ஊசி இல்லை, துளைப்பது இல்லை.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை: பயப்பட வேண்டாதவை

பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும் காலம் இது. வெட்டுப்பற்கள் ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் மாறும். கீழ்க் கோரைப்பல் ஒன்பது, பத்தில். முன்கடைவாய்ப்பற்கள் பத்திலிருந்து பன்னிரண்டில். மேல் கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டில். இரண்டாவது கடைவாய்ப்பல்லும் அதே சமயம். இந்த ஆறு வருடமும் பெற்றோருக்குக் கவலைதான். அவற்றில் நான்கு தேவையில்லாதவை.

1. கீழ் முன்பல் இரண்டு வரிசையாக நிற்பது. பால்பல் விழுவதற்கு முன்பே புதுப்பல் நாக்குப் பக்கமாக முளைத்துவிடும். பால்பல் ஆடிக்கொண்டிருந்தால் அது விழுந்ததும் நாக்கே புதுப்பல்லை முன்னே தள்ளிவிடும். சில மாதம் ஆகியும் அசையாமல் நின்றால் மட்டும் எடுக்க வேண்டும்.

2. புதுப்பல்லின் விளிம்பு ரம்பம் போல மூன்று மேடாக இருப்பது. கடிக்கக் கடிக்கத் தேய்ந்து நேராகிவிடும்.

3. புதுப்பல் மஞ்சளாகத் தெரிவது. பால்பல் இயல்பாகவே வெளுப்பு. பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது.

4. மேல் முன்பற்கள் நடுவில் இடைவெளி விட்டு விசிறி போல விரிந்திருப்பது. மேலே எலும்புக்குள் கோரைப்பல் இறங்கிவரும்போது பக்கத்துப் பல்லின் வேரை நெருக்குகிறது. கோரைப்பல் வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் இடைவெளி மூடிவிடும். எட்டு வயதில் கம்பி போட அவசரப்படுவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு அவசர விஷயம். விளையாடும்போது முன்பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டால், அது பால்பல்லா நிலைப்பல்லா என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டியது மாறும். பால்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, அடியிலிருக்கும் பல் கெட்டுவிடும். நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, அந்தக் குழியிலேயே வைத்துவிடலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே ஓட வேண்டும். அரைமணிக்குள் போனால் பிழைக்க நல்ல வாய்ப்பு. வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் வேரைச் சுற்றியுள்ள செல்கள் செத்துவிடும்.

ஞானப்பல்லும் நீதிமன்றமும்

17 வயதுக்கு மேல் வருவது மூன்றாவது கடைவாய்ப்பல். 25 வரைகூட ஆகலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒன்றாவது பிறவியிலேயே இருக்காது. தாடையில் இடம் போதாமல் படுத்த வாக்கில் சிக்கிக்கொள்வதும் அதிகம். வலியோ வீக்கமோ தொல்லையோ இல்லாமல் நேராக வந்த ஞானப்பல்லை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

"வயதை உறுதிசெய்யப் பல் பரிசோதனை" என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். இந்த யோசனை பழையது. இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் பிறப்புப் பதிவே அங்கு 1837-இல்தான் தொடங்கியது. வயதை எப்படி நிரூபிப்பது? அதே 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரம் பிள்ளைகள் வரை பார்த்து, உயரத்தைவிடப் பல்லே நம்பகமான சாட்சி என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார். சோறு குறைந்தால் உயரம் உடனே குறையும். பல்லின் காலக்கணக்கு அவ்வளவு எளிதில் தடம் மாறாது.

இன்று முளைத்ததை மட்டும் பார்ப்பதில்லை. எக்ஸ்ரேயில் தலைப்பகுதி, வேர் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கனடாவில் டெமிர்ஜியான் குழு 1973-இல் ஒவ்வொரு பல்லின் வளர்ச்சியையும் எட்டு நிலைகளாகப் பிரித்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பல பற்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு நிலையில் வளர்ந்துகொண்டிருக்கும், அதனால் கணிப்பு நெருங்கி வரும். 18-ஐ ஒட்டிய வயதில் வளர்ந்துகொண்டிருப்பது ஞானப்பல் ஒன்றுதான். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் 17-ஆ 18-ஆ என்ற கேள்விக்குப் பல்லால் நிகழ்தகவாகத்தான் பதில் சொல்ல முடியும். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 94-ஆவது பிரிவில் பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் முதலில் வைத்து, அவை இல்லாதபோது மட்டும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொல்வது சரியான ஏற்பாடு.

முப்பதுக்குப் பிறகு

பல் முளைத்து முடிந்தாலும் மாற்றம் நிற்பதில்லை. டென்டினைக் கட்டும் செல்கள் பல்கூழில் உயிரோடுதான் இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க உள்பக்கமாகப் பூசிக்கொண்டே போவதால் உள்ளறை சுருங்குகிறது. வெளியே எனாமல் தேய்கிறது. எனாமல் மெலிந்து டென்டின் தடிப்பதால்தான் வயதாக ஆகப் பல் மஞ்சளாகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அந்த மஞ்சள் போகாது. அதற்காக அழுத்தித் தேய்ப்பது இருக்கிற எனாமலையும் கொண்டுபோகும். சாம்பலும் செங்கல் பொடியும் அதைவிட மோசம்.

வயதானால் பல் நீண்டது போலத் தெரிவது ஈறு இறங்குவதால். வெளியே தெரியும் வேருக்கு எனாமல் கிடையாது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், சொத்தையும் வேகமாக இறங்கும். பல் ஆடுவது மட்டும் வயதால் வருவதல்ல. ஈறுநோயில் எலும்பு கரைவதுதான் முக்கியக் காரணம். கட்டுப்படாத சர்க்கரை நோய் இருந்தால் அது இன்னும் வேகம் பிடிக்கும்.

மூன்றாவது முறை முளைக்குமா?

"பல் மீண்டும் முளைக்க மருந்து" என்ற செய்தி வந்தது இந்தப் பின்னணியில்தான். ஜப்பானில் கட்சு தகாஹாஷி குழு, பல் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் யு.எஸ்.ஏ.ஜி-1 என்ற புரதத்தை முடக்கும் மருந்தை உருவாக்கியிருக்கிறது. எலியிலும் பெரட் என்ற கீரி போன்ற விலங்கிலும் கூடுதல் பல் முளைத்தது. கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2024-இல் மனிதச் சோதனை தொடங்கியது. ஒரு பல்லாவது இல்லாத 30 ஆண்களுக்குக் கொடுத்து, மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பதே முதல் கட்டம். அடுத்து அவர்கள் மனத்தில் இருப்பவர்கள் பிறவியிலேயே பல பற்கள் இல்லாத, 2 முதல் 7 வயதுக் குழந்தைகள். சொத்தையில் 46-ஐப் பிடுங்கியவர்களின் முறை அதற்கெல்லாம் பிறகுதான்.